அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, பாரிமுனைக்குப் பக்கத்தில், வடக்கே நீண்டு போகும் தெரு ஒன்று உண்டு. எப்போது பார்த்தாலும் ஜன நெரிசல். தள்ளுவண்டி ஒரு பக்கம், மூட்டை சுமப்போர் ஒரு பக்கம். நடுவில் நாம் புகுந்து போக வேண்டும்.

அந்தத் தெருவுக்கு "அரண்மனைக்காரன் தெரு" என்று பெயர்.

பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரருக்கு ஆசை வந்துவிடும். சென்னையில் ஓர் அரண்மனையா! பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று தோன்றும். தெருவில் நுழைந்து யாரையாவது கேட்டால் பேச்சு இப்படித்தான் போகும்.

"ஏம்ப்பா, அரண்மனைக்காரன் தெரு எது?"

"இதான் சார்."

"அரண்மனை எங்கே இருக்கிறது?"

"அரண்மனையா? அதெல்லாம் இல்லை சார். அந்தோணியார் கோயில் இருக்குது. பழைய மணிக்கூண்டு மாதா கோயில் ஒன்று இருக்குது. அவ்வளவுதான்."

அவர் சொல்வது உண்மை. அந்தத் தெருவில் எந்த ராஜாவும் குடியிருந்ததில்லை. எந்த ஜமீன்தாரும் அங்கே அரண்மனை கட்டவில்லை.

பின்னே இந்தப் பெயர் எப்படி வந்தது?

நாக்கு செய்த வேலை

ஆங்கிலத்தில் அந்தத் தெருவுக்கு ஆர்மீனியன் தெரு என்று பெயர். ஒரு காலத்தில் அங்கே ஆர்மீனியர் என்ற வெளிநாட்டு வர்த்தகர்கள் வாழ்ந்தார்கள். அதனால் வந்த பெயர் அது.

வெளியூர்க்காரரைக் குறிப்பிடும்போது "சீனாக்காரன்", "மலையாளக்காரன்" என்று சொல்வது நம் வழக்கம் அல்லவா? அதுபோல இவர்களை "அர்மேனியக்காரன்" என்றார்கள்.

இந்தச் சொல் நம்முடைய வாய்க்குப் பழக்கமில்லாதது. ஆனால் அதைப் போலவே ஒலிக்கும் சொல் ஒன்று நம்மிடம் இருந்தது. அதுதான் அரண்மனை. பேச்சில் அதை "அரமனை" என்றும் சொல்லுவார்கள். அர்மேனி, அரமனை! இரண்டையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அதிக வித்தியாசம் தெரியாது.

"அர்மேனியக்காரன்" தேய்ந்து தேய்ந்து "அரண்மனைக்காரன்" ஆனான். தெரிந்த சொல்லின் சட்டையைத் தெரியாத சொல்லுக்கு மாட்டிவிட்டார்கள்.

அந்தப் பெயர் பொருத்தமாகவும் இருந்தது. ஆர்மீனியர் பெரும் பணக்காரர்கள். பட்டும் ரத்தினமும் விற்றவர்கள். அப்படிப்பட்டவர்களை அரண்மனைக்காரர் என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?

நாடு இழந்தவர்கள்

யார் இந்த ஆர்மீனியர்?

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே உள்ள மலைநாடு அவர்களுடைய தாயகம். மிகப் பழைய இனம். உலகில் கிறிஸ்தவ மதத்தை அரச மதமாக முதலில் ஏற்றவர்கள் அவர்களே. கி.பி. 301-ஆம் ஆண்டில் அது நடந்தது என்பது அவர்களுடைய மரபு. கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெஸ்ரோப் என்ற துறவி அவர்களுடைய மொழிக்குத் தனி எழுத்து வகுத்துக் கொடுத்தார்.

மதம் இருந்தது. மொழி இருந்தது. எழுத்து இருந்தது. ஆனால் நாடு நிலைக்கவில்லை. 1375-ல் அவர்களுடைய கடைசி அரசு வீழ்ந்தது. பிறகு ஒரு பக்கம் துருக்கியரும், மறுபக்கம் பாரசீகரும் அந்த மண்ணைப் பங்கு போட்டுக் கொண்டார்கள்.

1604-லும் 1605-லும் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்பா என்ற ஊரிலிருந்த ஆர்மீனியரைக் குடும்பம் குடும்பமாகக் கிளப்பித் தம்முடைய தலைநகரான இஸ்பஹானுக்குப் பக்கத்தில் குடியேற்றினார். புது ஊருக்கும் அவர்கள் "புது ஜுல்பா" என்றே பெயர் வைத்தார்கள். ஊரை விட்டுப் போனாலும் ஊர்ப் பெயரை விடவில்லை!

அங்கிருந்துதான் அவர்கள் பட்டு வியாபாரிகளாக உலகெங்கும் புறப்பட்டார்கள். சூரத், சென்னை, கல்கத்தா, மணிலா என்று துறைமுகம் துறைமுகமாகப் போனார்கள்.

நாற்பது பேர் இருந்தால் ஒரு கோயில்

ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆர்மீனியரின் உதவி தேவைப்பட்டது. உள்நாட்டு மொழிகளும் வியாபார நுணுக்கங்களும் அவர்களுக்குத் தெரியும். ஸ்பானியர் வசம் இருந்த மணிலாவில் ஆங்கிலேயர் நேராக வியாபாரம் செய்ய முடியாது. ஆர்மீனியர் பெயரில் சரக்கு போனால் தடை இல்லை.

1688-ல் லண்டனில் கம்பெனிக்கும் ஆர்மீனியருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் ஒரு விசேஷமான பிரிவு உண்டு. கம்பெனிக்குச் சொந்தமான எந்த ஊரிலாவது 40 ஆர்மீனியர் குடியிருந்தால், அவர்கள் கோயில் கட்டிக்கொள்ளக் கம்பெனி நிலம் தரும். அந்தக் கோயிலின் பாதிரியாருக்கு 7 ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 50 பவுன் கொடுக்கும்.

சென்னையில் 1712-ல் அவர்களுடைய கோயில் எழுந்தது.

பாலம் கட்டிய வர்த்தகர்

சென்னை ஆர்மீனியரில் மிகவும் புகழ் பெற்றவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். ஜுல்பாவைச் சேர்ந்தவர். மணிலாவில் வியாபாரம் செய்து பெரும் பொருள் சேர்த்துக்கொண்டு சென்னைக்கு வந்தவர்.

அந்தக் காலத்தில் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போவது எளிதல்ல. குறுக்கே அடையாறு ஓடுகிறது. மழைக் காலத்தில் வெள்ளம் வந்தால் இக்கரையில் இருப்பவர் இக்கரையில். அக்கரையில் இருப்பவர் அக்கரையில்.

உஸ்கான் 1726-ல் சைதாப்பேட்டையில் ஆற்றின் மேல் பாலம் கட்டினார். கம்பெனி கட்டவில்லை; கவர்னர் கட்டவில்லை. ஒரு தனி மனிதர் தம் கைப்பணத்தில் 30,000 வராகன் செலவிட்டுக் கட்டினார். பாலம் பழுதானால் பார்ப்பதற்கு மேற்கொண்டு 1,500 வராகனும் ஒதுக்கி வைத்தார். பரங்கிமலை உச்சிக்கு ஏறப் படிக்கட்டுகள் அமைத்ததும் அவர்தான்.

அந்தப் பாலத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் "மர்மலாங் பாலம்". இது எந்த மொழி என்று திகைக்க வேண்டாம். பக்கத்திலிருந்த நம்முடைய மாம்பலம்தான் அவர்கள் வாயில் மர்மலாங் ஆகிவிட்டது என்று சொல்கிறார்கள்!

நாம் அர்மேனியனை அரண்மனை ஆக்கினோம். அவர்கள் மாம்பலத்தை மர்மலாங் ஆக்கினார்கள். கணக்கு சரியாகிவிட்டது.

சோதனை வந்தது

1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. ஆங்கிலேயர் தோற்றார்கள். பட்டணத்துப் பணக்காரர்கள் எந்தப் பக்கம் சாய்வது என்று யோசித்தார்கள்.

பாண்டிச்சேரியில் கவர்னராக இருந்த டூப்ளே கெட்டிக்காரர். உஸ்கானைப் போன்ற வர்த்தகர் பாண்டிச்சேரிக்கு வந்தால் வியாபாரமும் பின்னாலேயே வரும் என்பது அவருக்குத் தெரியும். வரும்படி அழைப்புப் போயிற்று.

உஸ்கான் மறுத்துவிட்டார். தாம் வாழ்ந்து செழித்த ஊரை விட்டுப் பகைவர் பக்கம் போக அவருக்கு மனம் வரவில்லை. அதற்கு விலையும் கொடுத்தார். சென்னையில் இருந்த அவருடைய சொத்துக்களைப் பிரெஞ்சுக்காரர் பறிமுதல் செய்தார்கள்.

1749-ல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆர்மீனியருக்கு நல்ல காலம் பிறக்கும் என்றுதானே எண்ணத் தோன்றும்? நடந்தது வேறு. கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் பட்டணத்தில் ஆர்மீனியர் இனிக் குடியிருக்கக் கூடாது என்று கம்பெனி முடிவு செய்தது. ஆங்கிலேயர் அல்லாதவர் மேல் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வீடுகளை விட்டு ஆர்மீனியர் வெளியே வந்தார்கள். நம்மவர் வாழ்ந்த கறுப்பர் பட்டணத்தின் பக்கம் குடியேறினார்கள். பின்னாளில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் பெற்ற பகுதி அது.

கோட்டைக்குள் இடம் இல்லை என்று ஆங்கிலேயர் சொன்னார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஜனங்களோ, அவர்களுக்கு "அரண்மனைக்காரர்" என்று பட்டம் கொடுத்தார்கள்!

உஸ்கான் 1751-ல் காலமானார். அவர் உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டது. ஆனால் அவருடைய இதயம் மட்டும் இங்கே இல்லை. அதை எடுத்துத் தாம் பிறந்த ஜுல்பாவில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. அப்படியே ஒரு பேழையில் வைத்து அனுப்பினார்கள்.

உடல் சென்னைக்கு, உள்ளம் பிறந்த மண்ணுக்கு.

இல்லாத நாட்டுக்கு ஒரு சட்டம்

முதலில் கட்டிய கோயில் அழிந்துபோயிற்று. 1772-ல் இப்போது அரண்மனைக்காரன் தெருவில் இருக்கும் கோயிலைக் கட்டினார்கள். ஆர்மீனியரின் பழைய இடுகாடு இருந்த இடம் அது. கன்னி மரியாளின் பெயரால் அமைந்த கோயில்.

அதே 1772-ஆம் ஆண்டில் சென்னையில் இன்னொரு காரியமும் நடந்தது. ஷாஹமீர் ஷாஹமீரியான் என்ற ஆர்மீனிய வர்த்தகர், தம் மொழியில் நூல்கள் வெளியிட ஓர் அச்சுக்கூடம் வைத்தார். லாபத்துக்காக அல்ல. அடிமைப்பட்டுக் கிடக்கும் தம் மக்களைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அந்த அச்சுக்கூடத்தில் வந்த நூல்களில் ஒன்று மிகவும் பிரசித்தமானது. தலைப்புப் பக்கத்தில் 1773 என்ற ஆண்டு உள்ள அந்த நூலில், விடுதலை பெற்ற ஆர்மீனியாவை எப்படி ஆள வேண்டும் என்று சட்டம் எழுதியிருந்தது. மொத்தம் 521 பிரிவுகள். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் நாட்டை ஆள வேண்டும். அரசனின் விருப்பம் அல்ல, சட்டமே நாட்டுக்குத் தலைமை என்பது அதன் சாரம்.

நாடே இல்லை. நாட்டுக்குச் சட்டம் மட்டும் சென்னையில் தயார்!

அன்று பார்த்தவர்களில் சிலர் சிரித்திருக்கலாம். ஆனால் ஆர்மீனியா 1991-ல் விடுதலை அடைந்தது. 1995-ல் அரசியல் சட்டமும் வந்தது. தங்கள் அரசியல் சட்டத்தின் முன்னோடி என்று ஆர்மீனியர் இன்று பெருமையோடு குறிப்பிடுவது, நம் பட்டணத்தில் அச்சான அந்த நூலைத்தான்.

மகன்களை இழந்த பாதிரியார்

இந்தத் தெருக் கோயிலோடு சேர்ந்த மற்றொரு பெயர் ஹரூத்தியூன் ஷ்மாவோனியான்.

பாரசீகத்தில் ஷிராஸ் நகரில் பிறந்தவர். பாதிரியார். அவருக்கு இரண்டு பையன்கள். ஒரே வாரத்தில் இரண்டு பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. பெற்ற வயிறு எப்படித் தாங்கும்? மனம் உடைந்து ஊரை விட்டு ஒதுங்கினார். தனிமையில் பாரசீக மொழி கற்றுக் காலம் கழித்தார்.

1784-ல் சென்னைக் கோயிலுக்குப் பாதிரியாராக வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. தாமே அச்செழுத்துச் செய்து அச்சுக்கூடம் அமைத்தார்.

1794-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ந் தேதி, "அஸ்தரார்" என்ற மாதப் பத்திரிகையின் முதல் இதழை வெளியிட்டார். செய்தி அறிவிப்போன் என்பது அந்தப் பெயரின் பொருள்.

உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அதுதான். இஸ்தான்புல்லில் வரவில்லை. ஜுல்பாவில் வரவில்லை. சென்னையில் வந்தது!

கப்பல் வருகை, சரக்கு விலை, நாட்டு நடப்பு, தங்கள் இனத்தாரைப் பற்றிய செய்தி எல்லாம் அதில் இருந்தன. வீட்டை விட்டுப் பல ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழ்பவர்களுக்குச் சொந்த மொழியில் நான்கு வரி படிக்கக் கிடைத்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்!

18 இதழ்கள் வந்தன. 1796-ல் பத்திரிகை நின்றுபோயிற்று. பாதிரியார் மட்டும் நிற்கவில்லை. 40 ஆண்டுகள் இதே கோயிலில் ஊழியம் செய்து, 1824-ல் காலமானார். கோயில் வளாகத்திலேயே அவருடைய கல்லறை இருக்கிறது.

சொந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்த அவரை, "ஆர்மீனியப் பத்திரிகையின் தந்தை" என்று உலகம் அழைக்கிறது.

ஆறு மணிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்மீனியரின் செல்வாக்கு குறைந்தது. ஆட்சியைக் கைப்பற்றிய கம்பெனிக்கு இடைத்தரகர் தேவைப்படவில்லை. வியாபாரம் கல்கத்தாவுக்குப் போயிற்று. பிள்ளைகளும் வியாபாரத்தின் பின்னே போனார்கள். சென்னையில் இன்று ஆர்மீனியர் அநேகமாக இல்லை. கல்கத்தாவிலுள்ள ஆர்மீனியச் சபையார்தான் கோயிலைப் பராமரித்து வருகிறார்கள்.

தெருவின் சத்தத்திலிருந்து கோயில் வாசலுக்குள் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். வேறு உலகம். மரநிழல், அமைதி, கால்படும் இடமெல்லாம் கல்லறைக் கற்கள். சுமார் 350 பேர் இங்கே உறங்குகிறார்கள். கற்களில் ஆர்மீனிய எழுத்துக்கள்.

கோயிலை விட்டுத் தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ எடை. எல்லாம் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1754-ஆம் ஆண்டு மணி ஒன்று 1808-ல் மறுபடி வார்க்கப்பட்டது. அதில் தமிழ் எழுத்தும் பொறித்திருக்கிறது. 1778-ஆம் ஆண்டு மணியோ, எலியாசர் என்ற 19 வயது இளைஞனின் நினைவுக்காகச் செய்தது. அந்த இளைஞனும் இந்தத் தோட்டத்தில்தான் அடங்கியிருக்கிறான்.

வழிபாட்டுக்குக் கூட்டம் இல்லாமல் போன பிறகும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மணி அடிக்கும் வழக்கத்தை விடாமல் காத்து வந்திருக்கிறார்கள்.

பெயர் மாறினாலும்

ஊர்ப் பெயர்கள் இப்படி மாறுவது சென்னைக்குப் புதிதல்ல. ஹாமில்டன் என்ற ஆங்கிலேயர் பெயரில் அமைந்த பாலத்தை ஜனங்கள் "அம்பட்டன் வாராவதி" ஆக்கினார்கள். அதைக் கேட்ட ஆங்கிலேயர், அதன் பொருளை மொழிபெயர்த்துத் தங்கள் மொழியில் "பார்பர்ஸ் பிரிட்ஜ்" என்றார்களாம். ஹாமில்டன் துரை நாவிதர் ஆகிவிட்டார்! பின்னாளில் அந்தப் பாலத்துக்கு அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்டது.

அரண்மனைக்காரன் தெருவை அடுத்த பிராட்வே, ஒரு காலத்தில் போபாம் என்ற வக்கீலின் பெயரைத் தாங்கியது. இப்போது ஆந்திர கேசரி பிரகாசத்தின் பெயரால் பிரகாசம் சாலை.

உஸ்கான் கட்டிய பாலமும் போய்விட்டது. 1966-ல் அந்த இடத்தில் புதுப் பாலம் வந்தது. மறைமலை அடிகள் பாலம் என்பது அதன் பெயர். 30,000 வராகன் கொடுத்தவரின் நினைவாக அங்கே மிஞ்சியது ஒரு கல்வெட்டுத்தான்.

அரசாங்கம் வைக்கும் பெயரை அரசாங்கம் மாற்றலாம். ஜனங்களின் வாய் உருட்டி உருட்டி வைத்த பெயரை மாற்றுவது அவ்வளவு சுலபம் அல்ல. "அரண்மனைக்காரன்" என்பது பிழையான பெயர்தான். ஆனால் அந்தப் பிழைக்குள்ளே நாடு இழந்து வந்த ஓர் இனத்தின் வரலாறு பத்திரமாக இருக்கிறது.

அடுத்த முறை பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள், பிள்ளைகளையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் சற்று நடந்து பார்க்கலாம். "அரண்மனை எங்கே?" என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

மணிக்கூண்டைக் காட்டிப் பதில் சொல்லலாம். பாலம் கட்டியவர், சட்டம் எழுதியவர், பத்திரிகை நடத்தியவர் ஆகிய மூவரின் கதையும் இப்போது கையில் இருக்கிறது.